மிச்சத்துக்கான இடமல்ல கைப்பை



காரைக்குடியிலிருந்து ஒருவர் உம்ராவுக்கோ, வளைகுடா வேலைக்கோ, சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கவோ புறப்படும்போது முதல் நாள் இரவு அவர் வீட்டில் நடப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். உறவினர் கூடிப் பெரிய பெட்டியை நிரப்புவார்கள். எடை பார்த்து, எடுத்து, மறுபடி அடுக்குவார்கள். பெட்டியில் இடம் கிடைக்காதவை யாவும் இறுதியில் கைப்பைக்குள் திணிக்கப்படும். கைப்பை என்றாலே மிச்சத்துக்கான இடம் என்றாகிவிட்டது. பயணி முதலில் கட்ட வேண்டியது அந்தப் பையைத்தான். அதுவும் தம் கையாலேயே கட்ட வேண்டும் என்பது என் கருத்து.

இக்கருத்து எனக்கு ஏற்பட்டது என்னுடைய ஒரு குறையால். சென்ற ஆண்டு எங்கள் மஹல்லாவிலிருந்து உம்ரா சென்ற குழுவினருக்கு நான்தான் வகுப்பு எடுத்தேன். தவாஃப், ஸஃயீ, தல்பியா என இரண்டு மணி நேரம் விளக்கினேன். பையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. குழுவில் இருந்த பெரியவர் ஒருவரின் இஹ்ராம் துணிகள் இரண்டும் பெரிய பெட்டிக்குள் போய்விட்டன. மீக்காத் நெருங்குகிறது என்று விமானத்தில் அறிவித்தபோது பெட்டியோ அவர் காலுக்குக் கீழே, சரக்கு அறையில் இருந்தது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றெண்ணி, ஜித்தாவில் இறங்கிப் பெட்டியைப் பெற்று, அங்கேயே இஹ்ராம் அணிந்தார். பின்னர் மக்காவில் ஓர் ஆடு அறுத்து தம் கொடுத்தார். ஊர் திரும்பியதும் என்னிடம் வந்து, "துணி கையில் இல்லாதபோது நான் என்ன செய்திருக்க முடியும், ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

செய்திருக்க முடியும். இஹ்ராம் என்பது துணியன்று, நிய்யத். துணி கையில் இல்லாதவரும் எல்லைக்கு முன்பாகவே நிய்யத் வைத்துத் தல்பியா கூறிவிட வேண்டும். தைத்த ஆடையில் கழற்ற இயன்றதைக் கழற்றி, கிடைத்த விரிப்பை மேலே போர்த்திக்கொள்ளலாம். தைத்த ஆடை உடலில் இருந்ததற்கு ஃபித்யா கொடுக்க நேரலாம். மூன்று நோன்பு, அல்லது ஆறு ஏழைகளுக்கு உணவு, அல்லது ஓர் ஆடு என அதற்கு மூன்று வழிகள் உண்டு. எல்லையை இஹ்ராமின்றிக் கடப்பதோ அதனினும் பெரிய விஷயம். அவ்வாறு கடந்தவர் மீக்காத்துக்கே திரும்பிச் செல்ல வேண்டும். இல்லையேல் தம் கொடுக்க வேண்டும். ஜித்தாவிலேயே அணியலாம் என்ற கருத்துடையோர் சிலர் உண்டு. பெரும்பான்மை அறிஞர்கள் அதை ஏற்பதில்லை. இதையெல்லாம் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "போகும் முன்பே சொல்லியிருக்கலாமே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நபி (ஸல்) அவர்கள் ஒவ்வொரு திசையினருக்கும் ஓர் எல்லை வகுத்ததையும், அவ்வழியே வரும் பிறருக்கும் அதுவே எல்லை என்று கூறியதையும் இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். நம் முன்னோர் பம்பாயிலிருந்து கப்பலில் ஹஜ் சென்றார்கள். 1995இல் அப்பயணம் நிறுத்தப்பட்டது. யலம்லம் எல்லையைக் கப்பல் மெல்ல நெருங்கும். குளித்து, துணி மாற்றி, இரண்டு ரக்அத் தொழ நாள் முழுதும் இருந்தது. இன்றைய விமானமோ, செல்லும் பாதையைப் பொறுத்து யலம்லம் நேர்கோட்டையோ கர்னுல் மனாஸிலையோ சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. ஆகவே ஆண்கள் வீட்டிலோ விமான நிலையத்திலோ துணியை அணிந்துகொண்டு, நிய்யத்தை எல்லை நெருங்கும்போது வைப்பது எளிது. அணியாதவருக்குக் கைப்பையே துணிக்கு இடம். பெண்களுக்குத் தனித் துணி இல்லை என்பதால் இச்சிக்கல் அவர்களுக்கு இல்லை. நிய்யத் வைத்தபின் விமானத்தில் தரும் வாசனை ஈரத்தாளால் முகம் துடைக்கக் கூடாது என்பதை மட்டும் இருபாலரும் நினைவில் கொள்ளட்டும்.

"அல்லாஹ் பார்த்துக்கொள்வான், இவ்வளவு கணக்கு எதற்கு?" என்று சிலர் கேட்பதுண்டு. யமன் நாட்டவர் சிலர் இதே எண்ணத்தில் கட்டுச்சோறின்றி ஹஜ்ஜுக்கு வந்து, மக்காவில் பிறரிடம் கையேந்தினார்கள். பயணத்துக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்ற அல்பகரா 197ஆம் வசனம் அச்சூழலில்தான் அருளப்பட்டது. ஹிஜ்ரத்தின்போது உணவுப் பையின் வாயைக் கட்டக் கயிறு கிடைக்காமல், அஸ்மா (ரலி) அவர்கள் தம் இடைக்கச்சையையே இரண்டாகக் கிழித்துக் கட்டினார்கள். தவக்குலில் அவர்களை விஞ்சியவர் நம்மில் யார்?

பெரியவர்களின் மருந்து முழுவதும் கைப்பையில் இருக்கட்டும். சரக்கு அறையின் குளிரில் இன்சுலின் உறைந்து கெட்டுவிடக்கூடும். மருத்துவர் சீட்டும் உடன் வேண்டும். சர்க்கரை நோயால் வரும் கால் எரிச்சலுக்கு நம்மூரில் எளிதாக எழுதித் தரும் பிரிகாபலின், சவூதியிலும் அமீரகத்திலும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. பவர் பேங்க் பெரிய பெட்டியில் போகக் கூடாது. கைப்பையில்தான் வர வேண்டும். நெய், ஊறுகாய், எண்ணெய் ஆகியவை இதற்கு நேர்மாறு: 100 மில்லிக்கு மேற்பட்ட குப்பியைக் கைப்பையிலிருந்து எடுத்துவிடுவார்கள். முடி குறைக்கும் கத்தரிக்கோலும் பெரிய பெட்டிக்கே. இன்னொன்று: விமானம் நிரம்பிவிட்டால், ஏறும் வாசலிலேயே கைப்பையை வாங்கிச் சரக்கு அறைக்கு அனுப்புவது வழக்கமாகிவிட்டது. எனவே இஹ்ராம் துணி, மருந்து, பாஸ்போர்ட், பணம், பவர் பேங்க் ஆகியவற்றைப் பைக்குள் ஒரு சிறு துணிப்பையில் வைத்தால், அந்நேரத்தில் அதை மட்டும் உருவிக்கொள்ளலாம்.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். பெரும்பாலான விமானங்களில் கைப்பைக்கு அனுமதி 7 கிலோ. எடை பார்க்கும்போது ஒரு பையை வழியனுப்ப வந்தவரிடம் விட்டுவிட்டு, பிறகு வாங்கிக்கொண்டு உள்ளே செல்லும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. இதைச் சாமர்த்தியம் என்கிறார்கள். "அவ்வளவு பெரிய விமானத்துக்கு இரண்டு கிலோ ஒரு பொருட்டா, ஹஜ்ரத்?" என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். விமானத்துக்குப் பொருட்டில்லாமல் இருக்கலாம். ஆனால் பயணச்சீட்டு ஓர் ஒப்பந்தம். எடையில் மோசடி செய்வோரைக் கண்டித்தே அல்லாஹ் முதஃப்பிஃபீன் என்றொரு சூராவைத் தொடங்குகிறான். கஅபாவை நோக்கிப் புறப்படும் ஒருவரின் முதல் செயல் தராசை ஏமாற்றுவதாக இருப்பதை என் மனம் ஏற்கவில்லை.

பிறர் தரும் பொட்டலத்தில் ஆபத்து இன்னும் பெரிது. "என் மகனிடம் கொடுத்துவிடுங்கள், மசாலாதான்" என்று ஒட்டிய பையை நீட்டுவார்கள். கொடுப்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் செட்டிநாட்டுக் குருமா மசாலாவில் கசகசா சேர்ப்பது நம் வழக்கம். அமீரகத்திலும் சவூதியிலும் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். சிங்கப்பூருக்கும் அதை அனுமதியின்றிக் கொண்டு செல்ல முடியாது. அறியாமல் தரும் மசாலாவே இவ்வளவு தூரம் கொண்டு போகும் என்றால், அறிந்தே தருவோரை என்ன சொல்வது? சிங்கப்பூர்ச் சட்டப்படி போதைப்பொருள் யாரிடம் பிடிபடுகிறதோ, அதில் இருந்தது தமக்குத் தெரியாது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் அவருடையதே. 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் அங்கே மரண தண்டனை வரை உண்டு.

வாங்க மறுத்தால் உறவு கெடும் என்று அஞ்சுகிறோம். அமானிதத்தை ஏற்றபின் காப்பதுதான் கடமை. கண்ணால் காணாத பொருளை ஏற்றே ஆக வேண்டும் என்று மார்க்கம் சொல்லவில்லை. "திறந்து காட்டுங்கள், என் கையாலேயே பையில் வைக்கிறேன்" என்று முகமலர்ச்சியோடு சொல்லலாம். மனத்தில் கள்ளமில்லாதவர் திறந்து காட்டுவார். கசகசா இருந்தால், அது அங்கே ஆகாது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வரும் ரஜப் மாதத்தில் எங்கள் மஹல்லாவிலிருந்து இன்னொரு குழு புறப்படுகிறது, இன்ஷா அல்லாஹ். வகுப்புக்கு வருவோர் துஆ புத்தகத்தோடு கட்டி முடித்த கைப்பையையும் எடுத்து வரும்படி சொல்லியிருக்கிறேன். முதல் அரை மணி நேரம் பையைத் திறந்து பார்ப்பதற்கு. தவாஃப் பாடம் அதன் பிறகு. சென்ற ஆண்டு தம் கொடுத்த அந்தப் பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.