திரை இருண்டால் லினக்சைத் தூற்றாதீர்!



"லினக்ஸ் பள்ளிக்கு ஒத்துவராது, ஒருமுறை மேம்படுத்தினாலே திரை இருண்டுவிடுகிறது" என்று அடித்துப் பேசுவோர் நம்மிடையே உண்டு. திரை இருள்வது உண்மைதான். குற்றவாளி யார் என்பதில்தான் அவர்கள் தவறுகிறார்கள்.

லினக்சின் கருவாகிய கெர்னல் புதுப்பிக்கப்படும்போது அதன் உள்ளமைப்பும் மாறும். இன்டெல், ஏஎம்டி வரைகலை அட்டைகளின் இயக்கிகள் கெர்னலுக்குள்ளேயே இருப்பதால், மாற்றம் செய்பவர்களே அவற்றையும் சேர்த்துத் திருத்திவிடுகிறார்கள். என்விடியா தரும் இயக்கியோ வெளியே நிற்கிறது. கெர்னல் மாறும்போதெல்லாம் அதைப் புதிதாகத் தொகுத்தாக வேண்டும். டிகேஎம்எஸ் என்னும் கருவி இதைத் தானாகச் செய்யும். ஆனால், புதிய கெர்னலுக்குரிய ஹெடர் கோப்புகள் இல்லாவிட்டாலோ, பழைய இயக்கி புதிய கெர்னலோடு ஒத்துப்போகாவிட்டாலோ தொகுப்பு முறிந்துவிடும். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கையொப்பமிடாத இயக்கிக்கு இடமே இல்லை.

இதற்காகக் கணினியை மூலையில் போடுவதா? கணினி தொடங்கும்போது கிரப் பட்டியலில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் திரை மீண்டுவிடும். பிறகு ஹெடர் கோப்புகளை நிறுவி இயக்கியை மீண்டும் தொகுக்கலாம். அட்டை மிகப் பழையதென்றால் அவ்வியக்கியை நீக்கிவிட்டு, கெர்னலோடு வரும் நூவோ இயக்கிக்கு மாறலாம். விளையாட்டுகளுக்கு அது வேகம் குறைவு. பாடம் நடத்தப் போதும்.

"கெர்னல் ஏன் மாறாமல் இருக்கக்கூடாது?" என்பர் சிலர். பழைய பிழைகளைச் சுமந்துகொண்டே போகக்கூடாது என்பதற்காகத்தான் அதன் ஆக்குநர்கள் உள்ளமைப்பை மாற்றும் உரிமையை விடாமல் வைத்திருக்கிறார்கள். லினக்சைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2012-இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் என்விடியாவை வெளிப்படையாகவே சாடினார். அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 2022 மே மாதத்தில்தான் அந்நிறுவனம் தன் கெர்னல் கூறுகளின் மூல நிரலைத் திறந்தது. அதுவும் 2018-இல் வந்த டூரிங் வகைக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் மட்டுமே!

நன்கொடையாகப் பள்ளிக்கு வரும் பழைய கணினிகளுக்கு அதனால் என்ன பயன்? பெர்மி வகை அட்டைகளுக்கான 390 வரிசை இயக்கிக்கு 2022-உடன் ஆதரவு நின்றது. அட்டை நன்றாக இருக்கிறது, இயக்கிதான் கைவிடப்பட்டது.

ஆகவே, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பணத்தில் கணினி வாங்குமுன் ஒன்றைக் கேளுங்கள்: "இதன் இயக்கி கெர்னலுக்குள்ளேயே இருக்கிறதா?" அக்கேள்வியைக் கேட்காமல் வாங்கிவிட்டுப் பின்னர் லினக்சைத் தூற்றுவது எவ்வகையில் அறம்?