இசைப் பெட்டி: திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள்



படம் பார்க்காமலே பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வானொலியில் பாட்டு முதலில் வரும். படம் டவுன் கொட்டகைக்கு வர மாதக்கணக்கு ஆகும். ஆனால் பாட்டு வேறு, பின்னணி இசை வேறு. பாட்டுக்குச் சொல் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு போகலாம். பின்னணி இசையோ காட்சி முடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் ஒதுங்கிவிடும். அதைத் தனியே எடுத்து வைத்துக் கேட்டால் நிற்குமா? நிற்கிற ஒன்றைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறேன். நம் பிள்ளைகள் ‘அனிமே’ என்று பார்க்கிறார்களே, அந்த ஜப்பானியச் சித்திரத் தொடர்களில் ஒன்றின் இசை அது.

தொடரின் பெயர் ‘விண்வெளிப் போர்க்கப்பல் யாமாத்தோ’. 1974 அக்டோபரில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியது. அதே ஞாயிறு மாலை, அதே நேரத்தில் இன்னொரு நிலையத்தில் ‘ஹைடி’ ஓடிக்கொண்டிருந்தது. ஜனங்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். 26 வாரத்தோடு யாமாத்தோ முடிந்தது. மறு ஒளிபரப்பில்தான் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். 1977இல் அதையே சுருக்கித் திரைப்படமாக்கியபோது கொட்டகைகள் நிரம்பின. அவ்வாண்டுக் கடைசியில் வந்தது இந்த இசைத்தட்டு, ‘சிம்பொனிக் தொகுப்பு யாமாத்தோ’.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆண்டு 2199. எதிரிகள் போட்ட குண்டுகளால் பூமி நஞ்சாகி, மனிதர்கள் மண்ணுக்கடியில் ஒளிந்து வாழ்கிறார்கள். ஒரே வருடம் கெடு. கடலில் மூழ்கிக் கிடந்த யாமாத்தோ என்ற பழைய கப்பலை விண்கலமாக மாற்றி, நஞ்சு நீக்கும் கருவியைத் தேடி 148,000 ஒளியாண்டு தூரம் போகிறார்கள். போய்ச் சேருகிற கிரகத்தின் பெயர் இஸ்கந்தர்! ஜொகூர் வாசகர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

இசையமைத்தவர் ஹிரோஷி மியாகவா. ‘தி பீனட்ஸ்’ என்ற இரட்டைச் சகோதரிகளுக்கு மெல்லிசைப் பாட்டுகள் அமைத்துப் பெயர் வாங்கியவர். தொடரில் துண்டு துண்டாக வந்துபோன மெட்டுகளை எடுத்துப் பெரிய வாத்தியக் குழுவுக்கென்று மறுபடி எழுதிப் புதிதாக ஒலிப்பதிவு செய்தார். படத்திலிருந்து வெட்டி ஒட்டிய தட்டு அல்ல இது; உட்கார்ந்து கேட்பதற்கென்றே செய்தது.

தொடக்கத்தில் ஒரு பெண் குரல் வருகிறது. பாடியவர் காசுகோ கவாஷிமா. சொல் ஒன்றும் கிடையாது, வெறும் ‘ஆ’ என்ற ஓசைதான். அடியில் நரம்பு வாத்தியங்கள் மெல்ல விரிகின்றன. தொடரில் இதே இசை வரும்போது திரையில் நட்சத்திரங்கள் தெரியும், ஒருவர் கதை சொல்லிக்கொண்டிருப்பார். நாம் கதையைக் கேட்போமே தவிரக் குரலைக் கேட்கமாட்டோம். தட்டில் குரல் மட்டும்தான் இருக்கிறது. விடியற்காலையில் பால்மரத்துக்குப் போகும்போது தூரத்தில் யாரோ யாரையோ கூப்பிடுவது கேட்குமே, பெயர் புரியாமல் குரல் மட்டும் வருமே, அப்படி இருக்கிறது.

எல்லாமே அருமை என்று சொல்லமாட்டேன். சண்டைக் காட்சிக்குரிய பகுதிகளில் டிரம் அடி இன்றைக்குக் கேட்கப் பழசாகிவிட்டது. படம் இல்லாமல் அது வெறும் ஆர்ப்பாட்டம்தான். அதைத் தாண்டி, தொடரின் முடிவுப் பாட்டின் மெட்டைச் சொல் இல்லாமல் வாத்தியத்தில் வாசிக்கிற இடத்துக்கு வந்துவிடுங்கள்.

மியாகவா 2006இல் காலமானார். 2012இல் இத்தொடரை மறுபடி எடுக்கப் போனபோது, பழைய இசைக் குறிப்புகளில் பெரும்பாலானவை கிடைக்கவில்லை. அவர் மகன் அகிரா மியாகவா பழைய ஒலிப்பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, காதால் பிடித்து, அப்பாவின் இசையை வாத்தியம் வாத்தியமாகத் தாளில் எழுதினார். 1978இல் வந்த இரண்டாம் படத்துக்கு அப்பா அமைத்த இசையில் ஆர்கன் வாசித்தவரும் இந்த மகன்தான். அப்போது இன்னும் பதின்வயதுப் பையன்.

இனி, எழுதலாமா வேண்டாமா என்று நான் தயங்கிய விஷயம். யாமாத்தோ கற்பனைக் கப்பல் அல்ல. ஜப்பானியக் கடற்படையின் மாபெரும் போர்க்கப்பல். 1945 ஏப்ரல் 7ஆம் தேதி அமெரிக்க விமானங்கள் தாக்கி மூழ்கியது. அந்த ராணுவம்தான் 1942, 1943ஆம் ஆண்டுகளில் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரைச் சயாம் ரயில் பாதைக்கு இழுத்துப் போனது. போனவர்களில் என் தாத்தாவும் ஒருவர். திரும்பவில்லை. அம்மா அப்போது கைக்குழந்தை.

ஒரு மாலை அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் கைப்பேசியில் இந்தத் தட்டைப் போட்டேன்.

“யாருய்யா அழுவுறது?” என்றார்.

“அழுகை இல்லம்மா, பாட்டு.”

“வார்த்தையே காணோமே.”

“வார்த்தை கிடையாதும்மா. ஜப்பான்காரங்க பாட்டு.”

கை நின்றது. பிறகு மறுபடி கீரையை எடுத்தார். “அவளுக்கும் யாரோ வரல போல” என்றார். நான் பதில் சொல்லவில்லை. குரல் ஓய்ந்து, எக்காளங்களோடு கப்பலின் அணிவகுப்பு மெட்டு தொடங்கியது. அம்மா முகம் மாறிவிட்டது.

“அத நிறுத்துய்யா. முன்னாடி வந்தத மட்டும் போடு.”

போட்டேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் இந்தத் தட்டு அந்தக் குரலைத் தாண்டி ஓடுவதில்லை. மிச்சத்தை நான் இரவில் எல்லாரும் படுத்த பிறகு காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறேன்.