கட்டணமும் கட்டி, உழைப்பையும் கொடுக்கும் மாணவர்கள்

நாட்டில் துணை மருத்துவப் பணியாளர்களுக்குக் கடும் பற்றாக்குறை நிலவுவதாக ஆட்சியாளர்கள் ஒருபுறம் சொல்கிறார்கள். மறுபுறம், அதே படிப்பை முடித்துப் பட்டத்தோடு வெளியே வரும் இளைஞர்கள், கொடுத்த சம்பளத்தை வாங்கிக்கொள்ளும் கதியில் தனியார் மருத்துவமனைகளின் வாசலில் நிற்கிறார்கள். ஆள் இல்லை என்பதும் வேலை இல்லை என்பதும் ஒரே துறையில், ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும்? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், மருத்துவக் கல்வியின் பெயரால் நாடு முழுவதும் நடந்துவரும் ஓர் உழைப்புச் சுரண்டல் வெளிச்சத்துக்கு வருகிறது.

மருத்துவமனை என்றால் மருத்துவரும் செவிலியரும் மட்டுமே மக்கள் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் ரத்தத்தைப் பரிசோதித்து முடிவு தருபவர், எக்ஸ்ரே எடுப்பவர், டயாலிசிஸ் எந்திரத்தின் அருகே நான்கு மணி நேரம் கண் அயராமல் இருப்பவர், அறுவை அரங்கில் மயக்க மருந்துக் கருவிகளைத் தயார் செய்பவர், நோயாளியின் வரலாற்றைக் கேட்டுப் பதிந்து மருத்துவருக்கு உதவுபவர் ஆகிய இவர்கள் ஒரு நாள் வராவிட்டால் எந்த மருத்துவமனையும் இயங்காது. கொரோனாக் காலத்தில் மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்த கைகள் பெரும்பாலும் இவர்களுடையவை. 2020 மார்ச் 22 அன்று தட்டுகளைத் தட்டச் சொன்ன பிரதமரும், மே 3 அன்று மருத்துவமனைகளின் மீது ஹெலிகாப்டரிலிருந்து பூத்தூவ வைத்த அரசும், இந்தக் கைகளுக்கு உரிய ஊதியம் என்ன என்று கேட்கவில்லை.

ஏட்டில் உறங்கும் சட்டம்

மருத்துவர் உதவியாளர் பட்டப்படிப்பையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1965இல் தொடங்கிய இப்படிப்பு, இந்தியாவில் 1992இல் இதய அறுவை நிபுணர் கே.எம்.செரியனின் முயற்சியால் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் தொடங்கப்பட்டது. பின்னர் பல மாநிலங்களுக்குப் பரவியது. கல்லூரிகள் கட்டணம் வாங்கின. பல்கலைக்கழகங்கள் பட்டம் கொடுத்தன. ஆனால் அந்தப் பட்டத்தைப் பெற்றவர் எந்தப் பதிவேட்டில் பதிவு செய்வது, எந்தப் பணிகளைச் செய்யலாம், எவற்றைச் செய்யக் கூடாது என்று சொல்ல ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நாடு தழுவிய சட்டம் எதுவும் இருக்கவில்லை.

2021 மார்ச்சில்தான் துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆய்வகம், கதிரியக்கம், இயன்முறை மருத்துவம், மருத்துவர் உதவியாளர் உள்ளிட்ட தொழில்கள் பத்துப் பிரிவுகளாக அதில் வகைப்படுத்தப்பட்டன. துணை மருத்துவத் தொழிலர் எனப்படுவதற்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பும், சுகாதாரத் தொழிலர் எனப்படுவதற்குக் குறைந்தது 3,600 மணி நேரப் பட்டப்படிப்பும் வேண்டும் என்று வரையறுக்கப்பட்டது. மாநிலந்தோறும் மன்றம், பொதுப் பதிவேடு, ஒரே தரத்திலான பாடத்திட்டம் எனச் சட்டத்தின் வாக்குறுதிகள் நீண்டன.

நடந்தது என்ன? மூன்றாண்டுகளுக்குப் பிறகு, 2024 ஆகஸ்டில், மருத்துவத் தொழில்நுட்பவியலாளர்களின் அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. 14 மாநிலங்கள் மட்டுமே மன்றங்களை அமைத்திருந்தன, அவையும் செயல்படவில்லை. இரண்டு மாதத்துக்குள் சட்டத்தை நடைமுறைப்படுத்துமாறு ஒன்றிய, மாநில அரசுகளுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. இச்சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலோ இணைய வழியிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு தடை விதித்ததும் 2025ஆம் ஆண்டில்தான். தொழிலாளர் விரோதச் சட்டத் தொகுப்புகளை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றும்போது காட்டிய வேகத்தில் ஒரு பங்கைக்கூட மோடி அரசு இதில் காட்டவில்லை.

பயிற்சி என்ற பெயரில்

இந்தப் படிப்புகளில் சேருபவர்கள் யார்? மருத்துவப் படிப்பின் கட்டணத்தைக் கனவிலும் எட்ட முடியாத குடும்பங்களின் பிள்ளைகள். சிறு நகரங்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் வரும், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரியை மிதிக்கும் பெண்கள். ‘நூறு சதவீத வேலை உறுதி’ என்ற விளம்பரத்தை நம்பி, தாயின் நகையை அடகு வைத்து முதலாண்டுக் கட்டணத்தைச் செலுத்துகிறார்கள்.

கல்லூரியும் மருத்துவமனையும் ஒரே முதலாளியின் கையில் இருக்கும் இடங்களில் என்ன நடக்கிறது என்பதை அங்கே படித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். காலையில் வகுப்பு, மாலையில் வார்டு என்று தொடங்குவது, மெல்ல மெல்ல முழுநேர ஷிப்டாக மாறுகிறது. ரத்தம் எடுப்பது, இ.சி.ஜி. எடுப்பது, நோயாளியைத் தள்ளுவண்டியில் கொண்டுபோவது, காப்பீட்டுக் கோப்புகளைச் சுமந்து மாடிக்கு மாடி ஏறி இறங்குவது, இரவுப் பணி பார்ப்பது எனச் சம்பள ஊழியர் செய்ய வேண்டிய வேலைகள் அனைத்தும் மாணவர் தலையில் விழுகின்றன. அருகிலிருந்து கற்றுத்தரும் ஆசிரியர் இல்லை. வராவிட்டால் வருகைப் பதிவு குறையும்; எதிர்த்துக் கேட்டால் செய்முறைத் தேர்வு மதிப்பெண் குறையும். கடைசி ஆண்டின் உள்ளிருப்புப் பயிற்சிக்கும் பல இடங்களில் ஒரு ரூபாய் உதவித்தொகை கிடையாது. எம்.பி.பி.எஸ். பயிற்சி மருத்துவருக்கு உதவித்தொகை தர வேண்டும் என்று விதிமுறையில் எழுதியிருக்கிறது. அதே வார்டில், அதே இரவில் விழித்திருக்கும் துணை மருத்துவ மாணவருக்கு மட்டும் பசி எடுக்காதா?

உழைப்புச் சக்தியை விற்பவர் கூலி பெறுவார் என்பது முதலாளித்துவத்தின் குறைந்தபட்ச விதி. இங்கே விற்பவரே வாங்குபவருக்குப் பணமும் கட்டுகிறார். ஒவ்வோராண்டும் புதிய மாணவர் அணி வந்து சேரும்போது, படித்து முடித்தவரை எதற்காகச் சம்பளம் கொடுத்து வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும்? இந்தக் கணக்கே பட்டதாரியை வாசலில் நிறுத்துகிறது. இதில் பாதிக்கப்படுபவர் மாணவர் மட்டுமல்லர். கற்றுத்தர ஆளின்றி மாணவர் எடுக்கும் மாதிரியில் பிழை நேர்ந்தால், அந்தப் பிழையின் விலையை நோயாளியின் உடல் கொடுக்கிறது.

கண்காணிப்பு இல்லாத இடத்தில் கல்வி வணிகம் எந்த எல்லைக்குப் போகும் என்பதற்கு மத்தியப் பிரதேசம் சாட்சி. அங்கே செவிலியர் கல்லூரிகளின் முறைகேடுகள் அம்பலமாகி, உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. தகுதியற்ற கல்லூரிகளுக்குத் தகுதிச் சான்று தர லஞ்சம் வாங்கியதாக, விசாரிக்கப் போன சி.பி.ஐ. அதிகாரிகளே 2024 மே மாதத்தில் கைதானார்கள். செவிலியர் கல்விக்கு நெடுங்கால ஒழுங்குமுறை மன்றம் உண்டு. மன்றமே இயங்காத துணை மருத்துவப் படிப்புகளின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

யார் உருவாக்கிய பற்றாக்குறை?

2012இல் ஒன்றிய சுகாதார அமைச்சகத்துக்காகத் தயாரிக்கப்பட்ட அறிக்கை, 60 லட்சத்துக்கும் மேற்பட்ட துணை மருத்துவப் பணியாளர்கள் தேவைப்படுவதாகக் கணக்கிட்டது. அந்தத் தேவை மக்களின் தேவை. அரசு மருத்துவமனையில் பணியிடம் உருவாக்கப்பட்டால்தான் அது வேலையாக மாறும். பணியிடத்துக்குப் பணம் வேண்டும். 2025க்குள் பொதுச் சுகாதாரச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவோம் என்று 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை உறுதியளித்தது. 2021-22ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கின்படி, ஒன்றிய, மாநில அரசுகள் அனைத்தும் சேர்ந்து செலவிட்டது 1.84 சதவீதம். கெடு கடந்துபோயிற்று, வாக்குறுதி நிற்கிறது.

இருக்கும் பணியிடங்களும் ஒப்பந்த முறையில் நிரப்பப்படுகின்றன. தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் ஆய்வக நுட்புநர்கள் பத்து, பதினைந்து ஆண்டுகளாகத் தொகுப்பூதியத்தில் உழைக்கிறார்கள். சம வேலைக்குச் சம ஊதியம் என்னும் கோட்பாடு தற்காலிக ஊழியர்களுக்கும் பொருந்தும் என்று 2016இல் பஞ்சாப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு ஆய்வகத்தின் கதவைத் தாண்டி உள்ளே வரவில்லை. 2025 ஆகஸ்டில் சத்தீஸ்கரின் ஒப்பந்தச் சுகாதார ஊழியர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கியதன் பின்னணி இதுவே. எனவே நாட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை. சம்பளம் கொடுக்கும் மனத்துக்குத்தான் பஞ்சம்.

அச்சமும் ஆபத்தும்

மருத்துவர் உதவியாளருக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தால் போலி மருத்துவர்கள் பெருகுவார்கள் என்று மருத்துவர்களில் ஒரு பகுதியினர் அஞ்சுகிறார்கள். இந்த அச்சத்தை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, மருத்துவர் அல்லாதவர்களுக்குச் ‘சமுதாய சுகாதாரச் சேவையாளர்’ என்ற பெயரில் வரம்புக்குட்பட்ட உரிமம் தர வழி வைத்திருக்கிறது. நகரத்துப் பணக்காரருக்கு நிபுணர், கிராமத்து ஏழைக்கு அரைகுறை ஏற்பாடு என்ற அந்தத் திசையை இடதுசாரிகள் எதிர்க்கிறோம். மருத்துவர் இருக்க வேண்டிய நாற்காலியில் உதவியாளரை அமர்த்திச் செலவை மிச்சம் பிடிப்பதை ஏற்க முடியாது.

ஆனால் அதற்கு மருந்து, உதவியாளரைச் சட்டத்தின் நிழல் படாத இடத்தில் வைத்திருப்பதாகாது. பதிவேடும் பணி வரையறையும் இருந்தால்தான் எல்லை மீறல் எது என்று காட்ட முடியும். எல்லை எழுதப்படாதவரை, முதலாளி சொன்னதெல்லாம் உதவியாளரின் வேலையாகிறது. தவறு நேர்ந்தால் பழி மட்டும் அவர் தலையில் விழுகிறது. இந்த விஷயத்தில் மருத்துவரின் நலனும் உதவியாளரின் நலனும் மோதவில்லை. இருவரையும் மலிவாக வாங்க நினைப்பவன் ஒருவனே.

அறிவு சார்ந்த வேலை உயர்ந்தது, உடலையும் ரத்தத்தையும் தொடும் வேலை தாழ்ந்தது என்ற சாதியச் சிந்தனையும் இதில் கலந்திருக்கிறது. பட்டம் பெற்ற தொழில்நுட்பவியலாளரைப் பெயர் சொல்லாமல் ‘டெக்னீசியன்’ என்று விரல் சொடுக்கி அழைக்கும் வழக்கம் அதன் மிச்சமே.

நமது கோரிக்கைகள்

மாநில மன்றங்கள் எல்லா மாநிலங்களிலும் உடனே செயல்பட வேண்டும். அவற்றில் பணியாளர்கள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் இடம்பெற வேண்டும். ஏற்கெனவே பட்டம் பெற்றோர் அலைக்கழிப்பின்றிப் பதிவு செய்யப்பட வேண்டும். உள்ளிருப்புப் பயிற்சிக்கு உதவித்தொகை சட்டபூர்வமாக்கப்பட வேண்டும். பயிற்சி நேரத்துக்கு உச்சவரம்பும், மாணவரைச் சம்பள ஊழியருக்குப் பதிலாகப் பயன்படுத்தும் மருத்துவமனைக்குத் தண்டனையும் வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் மாவட்ட மருத்துவமனைகளிலும் குறைந்த கட்டணத்தில் இப்படிப்புகள் விரிவாக்கப்பட வேண்டும். காலிப் பணியிடங்கள் நிரந்தர அடிப்படையில் நிரப்பப்பட்டு, ஒப்பந்த ஊழியர்கள் நிரந்தரமாக்கப்பட வேண்டும்.

மருத்துவமனை வார்டில் இரவு இரண்டு மணிக்கு ரத்த மாதிரியை ஏந்தி நடக்கும் அந்த மாணவி, தன்னை இன்னும் தொழிலாளியாக நினைக்கவில்லை. ‘படிக்கிறேன்’ என்றே வீட்டுக்குச் சொல்கிறாள். அவள் செய்வது உழைப்பு, அந்த உழைப்புக்கு விலை உண்டு, அதைக் கேட்கும் உரிமையும் உண்டு என்று அவளிடம் போய்ச் சொல்லும் கடமை மாணவர், இளைஞர், தொழிற்சங்க இயக்கங்களுடையது. விடுதி வாசலிலிருந்தும் வார்டு வாசலிலிருந்தும் அந்தப் பணியைத் தொடங்குவோம்.