வாலிபர் பக்கம்: நெருப்பைக் கையாளும் கரங்கள்



"மகன் வெல்டிங் கற்கிறான்" என்று சொல்லும்போது நம்மில் அநேகருடைய குரல் தாழ்ந்துபோவது ஏன்? தாராவிச் சந்துகளில் ஜன்னல் கம்பி பற்றவைக்கும் பட்டறைகளை மாத்திரமே நாம் கண்டிருக்கிறோம். ஆனால் மாட்டுங்காவில் ரயில் ஏறினால் ஐந்தாவது நிலையம் விக்ரோலி. அங்கே கோத்ரெஜ் நிறுவனத்தின் விண்வெளிப் பிரிவு இஸ்ரோவுக்கு விகாஸ் எஞ்சின்களைச் செய்து கொடுக்கிறது. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 விண்கலத்தைச் சுமந்து எழும்பிய ராக்கெட்டிலும் அங்கே உருவான எஞ்சின்கள் இருந்தன.

இத்தகைய வேலைக்கு வழி என்ன? எட்டாம் வகுப்பு தேறியவரும் ஐ.டி.ஐ.யில் ஓராண்டு வெல்டர் பயிற்சியில் சேரலாம். பின்பு தொழிற்சாலையில் அப்ரண்டிஸ் பயிற்சி. அதன்பின் டிக் வெல்டிங்கில் கை பழகவேண்டும். உருகும் உலோகத்தைக் காற்று தீண்டாதபடி ஆர்கான் வாயு மூடிக் காக்கும். துளி எண்ணெய் ஒட்டியிருந்தாலும் உள்ளே நுண்துளை விழும். சூடேறிய டைட்டானியத்தைக் காற்று தீண்டினால் அது நொறுங்கும் தன்மையடையும். உலோகத்துக்கு உலோகம் தனித் தேர்வு உண்டு, கண்பார்வையும் சோதிக்கப்படும். பல மாதங்கள் பற்றவைக்காதிருந்தால் பெற்ற தகுதியும் காலாவதியாகும். ஆகையால் பொறுமை வேண்டும். ஏஜெண்டிடம் பணம் கொடுத்து வாங்கிய சான்றிதழ், முதல் சோதனைத் துண்டிலேயே வெட்கப்படுத்திவிடும்.

யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். தேவ ஆவியினால் நிரப்பப்பட்டவனென்று வேதம் முதலாவது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிற பெசலெயேல், ஆசாரியனுமல்ல, தீர்க்கதரிசியுமல்ல. பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்த கைத்தொழிலாளி. அபிஷேகத்தை வாஞ்சிக்கிற நாம், அது ஜெபக்கூட்டத்துக்கு மாத்திரம் உரியதென்று எண்ணலாமா?

வெளியே பளபளக்கும் இணைப்பின் உள்ளே குறை மறைந்திருக்கலாம். எக்ஸ்ரே அதைக் காட்டும். அதற்கு முன்பே, தன் கை தடுமாறிய இடத்தை மேற்பார்வையாளரிடம் தானே சொல்லுகிறவன் அந்த எஞ்சினையும் காக்கிறான், தன் சாட்சியையும் காக்கிறான். அந்த உண்மையை எந்தப் பயிற்சி நிலையமும் கற்றுத்தராது. அது வீட்டில் வளரவேண்டும்.

பெற்றோரே, மதிப்பெண் குறைந்த மகனைப் பிறர் முன் இகழாதிருங்கள். அவன் கரத்தில் தேவன் வைத்ததைக் கண்டறிய உதவுங்கள். வாலிபரே, ஞாயிறு ஆராதனையில் உயர்த்துகிற அதே கரங்களைத் திங்கட்கிழமை வேலையிலும் பரிசுத்தமாய்க் காத்துக்கொள்ளுங்கள்.

கர்த்தர் உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.