கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கடல்: பாசி படரும்போது செய்ய வேண்டுவன

கடல்நீர்த் தொட்டியில் முருகைகளையும் மீன்களையும் வளர்க்கும் இல்லங்களில், ஓர் ஆண்டோ ஈராண்டோ கழிந்தபின் ஒரு சோதனை நேர்வதுண்டு. மீன்கள் நலமாயிருக்கும், முருகைகள் நன்கு விரிந்திருக்கும், உப்பின் அளவும் நீரின் வெப்பமும் ஒழுங்காயிருக்கும். அந்நிலையிற் கற்களின்மேல் பச்சை மயிர் போன்ற பாசி தலைகாட்டுகின்றது. சில கிழமைகளுள் அது தொட்டியெங்கும் படர்ந்து, முருகைகளின் ஓரங்களையும் மூடத் தொடங்குகின்றது. மூடப்பட்ட பகுதி ஒளியிழந்து மெல்ல இறக்கின்றது. "எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கினாலென்ன?" என்னும் சலிப்பு அப்பொழுதே எழுகின்றது. அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை என்பதை இவ்வாரம் விளக்குவோம்.

பாசியெல்லாம் பகையென்று எண்ணுதல் தவறு. முருகை என்பது வெறுங் கல்லன்று. தன் கீழே சுண்ணக் கல்லைக் கட்டிக்கொள்ளும் சிறு பிராணிகளின் கூட்டமாகும். அப்பிராணிகளின் உடலினுள்ளேயே நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியைக் கொண்டு ஆக்கும் உணவிற் பெரும் பங்கினை முருகை பெற்று வாழ்கின்றது. எனவே பாசியற்ற முருகைத் தொட்டி என ஒன்றில்லை. நாம் அஞ்சவேண்டியது அளவு கடந்த பாசியையே.

வரவும் செலவும்

அளவு ஏன் கடக்கின்றது? தொட்டியை ஒரு குடும்பமாகக் கொண்டு அதன் வரவு செலவைப் பாருங்கள். நாம் இடும் ஒவ்வொரு துளி உணவும் வரவாகும். மீனின் கழிவும் எஞ்சிய உணவும் அமோனியாவாகின்றன. பக்டீரியாக்கள் அதனை முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. உணவுடன் வந்த பொசுபரசு பொசுபேற்றாய் நீரிற் கலக்கின்றது. இவ்விரண்டுமே பாசிக்கு உரம்.

பழகிய தொட்டியிற் பாசி திடீரெனத் தோன்றுவதுபோற் காணப்படினும், அதன் காரணம் பல மாதங்களாகச் சேர்ந்ததேயாம். மணலினுள்ளும் கற்களின் பின்னும் கசடு படிகின்றது. சுண்ணக் கற்கள் பொசுபேற்றைத் தம்மேற் பற்றி வைத்து, நீரில் அது குறையும்போது மீண்டும் வெளிவிடுகின்றன. ஆவியாகிக் குறைந்த நீருக்குப் பதிலாகக் கிணற்று நீரையோ குழாய் நீரையோ ஊற்றுவோரும் உளர். ஆவியாய்ப் போவது நீர் மட்டுமே. அதிற் கரைந்தவை யாவும் தொட்டியிலேயே தங்கிவிடும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் விவசாயப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருத்தல் ஆய்வுகளால் அறியப்பட்டதொன்று. அத்தகைய நீரை நாள்தோறும் ஊற்றுதல், நாமே பாசிக்கு உரமிடுவதை ஒக்கும்.

இங்கே ஓர் ஏமாற்றமும் உண்டு. பாசி அடர்ந்த தொட்டியின் நீரைச் சோதித்தால், நைத்திரேற்றும் பொசுபேற்றும் இல்லையென்றே சிலவேளை காட்டும். உரம் இல்லாமையால் அன்று. வருவதையெல்லாம் பாசி உடனுக்குடன் உண்டுவிடுவதாலேயே அவ்வாறு காட்டுகின்றது.

கரீபியன் கடல் கற்பித்த பாடம்

உரம் மட்டுமே காரணமன்று. மேய்வோர் இல்லாமையும் காரணமாகும். யமேக்காத் தீவின் முருகைப் பாறைகளிற் பாசியை மேயும் மீன்கள் நெடுங்காலமாக அளவின்றிப் பிடிக்கப்பட்டன. எஞ்சிய முக்கிய மேய்ச்சற்காரன், நீண்ட கரிய முட்களையுடைய கடல் முள்ளெலியே. 1980ஆம் ஆண்டில் ஒரு பெரும் புயல் முருகைகளை நொறுக்கியது. 1983ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பனாமாக் கரையிற் கண்ட ஒரு கொள்ளைநோய், ஏறத்தாழ ஓராண்டினுள் கரீபியன் கடலெங்கும் பரவி அம்முள்ளெலிகளுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றைக் கொன்றது. அதன்பின் பாசியைத் தடுப்பாரில்லை. ரெறன்ஸ் கியூஸ் என்னும் விஞ்ஞானி 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, 1970களின் பிற்பகுதியில் யமேக்காப் பாறைகளில் ஐம்பது சதவீதத்துக்கு மேல் உயிருடனிருந்த முருகை, 1990களின் தொடக்கத்தில் ஐந்து சதவீதத்துக்கும் குறைந்தது. நான்கு சதவீதமாயிருந்த பாசியோ தொண்ணூறைத் தாண்டியது. கடலுக்கே இக்கதியாயின், சில நூறு லீற்றர் நீர் எம்மாத்திரம்?

முதலில் இனமறிதல்

மருந்து தேடுமுன் வந்திருப்பது யாதென அறிதல் வேண்டும். பச்சை மயிர் போன்றது உண்மைப் பாசி. செந்நிறச் சளிப்படலம் போற் படர்ந்து, விரலால் தள்ளினால் ஆடைபோற் கழன்று வருவது பாசியன்று; சயனோபக்டீரியா என்னும் நுண்ணுயிர். கண்ணாடியிற் படியும் கபில நிறத் தூள், சிலிக்காவை விரும்பும் தயற்றம் ஆகலாம். காற்றுக் குமிழிகளைத் தாங்கிக் கபில நிறச் சளி இழைகளாய்த் தொங்குவது பெரும்பாலும் இருசவுக்குயிர் எனப்படுவதாகும்; இது உரம் முற்றாக அற்ற நீரிலேயே பெரிதும் தலையெடுக்கும். இதற்கு மற்றவற்றின் பரிகாரத்தைச் செய்தால் நோய் முற்றும். பாடசாலை நுணுக்குக்காட்டியில் ஒரு துளியை வைத்துப் பார்க்கும் மாணவன் இவ்வேறுபாட்டினை எளிதிற் கண்டுகொள்வான்.

செய்ய வேண்டியவை

முதலாவது, கையாற் பிடுங்குதல். பிடுங்கிய பாசியுடன் அது உண்ட உரமும் வெளியேறுகின்றது. அதே பாசி தொட்டியினுள் அழுகினால் அவ்வுரம் மீண்டும் நீருக்கே வந்துசேரும். ஆகவே நீரோட்டத்தை நிறுத்திவிட்டுப் பாசியைப் பிடுங்கி, மிதப்பவற்றைக் குழாய்வழி உறிஞ்சி வெளியேற்றுக. பெயர்க்கக்கூடிய கல்லாயின், தொட்டியிலிருந்து எடுத்த கடல்நீரை வாளியில் நிரப்பி, அதில் வைத்துப் பழைய பற்தூரிகையால் தேய்க்கலாம்.

இரண்டாவது, வரவைக் குறைத்தல். மீன்கள் ஓரிரு நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவே இடுக. உறைந்த உணவாயின், உருகிய நீரை வடித்துவிட்டு இடுக. ஊற்றும் நீர் நன்கு சுத்திகரிக்கப்பட்டதாயிருத்தல் அவசியம்.

மூன்றாவது, செலவைக் கூட்டுதல். கிழமைக்கு ஒருமுறை பத்திலொரு பங்கு நீரை மாற்றுக. அவ்வேளை மணலின் மேற்படிந்த கசட்டையும் உறிஞ்சுக. நுரைவழி கழிவகற்றும் கருவியின் கிண்ணத்தை அடிக்கடி கழுவுக. பக்கத்துச் சிறு தொட்டியொன்றில் கீற்றோமோர்பா என்னும் நல்ல பாசியை இராக்காலத்தில் ஒளியிட்டு வளர்த்து, அவ்வப்போது அறுத்தெறிதல் சிறந்த உபாயம்.

நான்காவது, மேய்வோரைச் சேர்த்தல். கடல் நத்தைகளும் சிறு முள்ளெலிகளும் இப்பணிக்கு உதவும். நீண்ட பாசியை நத்தைகள் அவ்வளவாக உண்ணா. ஆதலின் பிடுங்கியபின் சேர்த்தலே பயன்தரும்.

ஐந்தாவது, ஒளியை நாளொன்றுக்கு எட்டு மணி அளவிற்குச் சுருக்குதல். செந்நிறப் படலத்துக்கு மூன்று நாள் முழு இருள் சிலவேளை பயன்படும். அந்நாட்களிற் காற்றோட்டம் மிகுதியாயிருத்தல் வேண்டும். மடியும் உயிர்கள் அழுகி ஒட்சிசனைக் குடிக்கும்.

செய்யக் கூடாதவை

செம்பு கலந்த மருந்தை ஒருபோதும் ஊற்றற்க. அது பாசியைக் கொல்லும். நத்தையையும் முள்ளெலியையும் முருகையையும் உடன் கொல்லும். பொசுபேற்றை உறிஞ்சும் இரும்பொட்சைட்டு மணிகளைச் சிறிது சிறிதாகவே இடுக. திடீர் வீழ்ச்சியை முருகை தாங்காது. உரத்தை முற்றாக அகற்றவும் முனையற்க. முருகைக்கும் சிறிதளவு உரம் வேண்டும். லீற்றருக்கு நைத்திரேற்று 2 முதல் 10 மில்லிகிராமும், பொசுபேற்று 0.03 முதல் 0.1 மில்லிகிராமும் இருக்கும்படி பேணுதல் அனுபவமுள்ளோர் பலரின் வழக்கம்.

பதறாத காரியம் சிதறாது என்பர். மாதக் கணக்கிற் சேர்ந்த கசடு ஒரு கிழமையிற் கரைந்துவிடாது. கற்கள் தாம் பற்றிய பொசுபேற்றை விடுமளவும் பாசி மீண்டும் மீண்டும் முளைக்கும். ஒவ்வொரு முறையும் முன்னையினும் குறைவாய் முளைத்தால், நாம் செல்லும் வழி சரியெனத் தெளியலாம். வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, கிழமைதோறும் சோதனை அளவுகளையும் இட்ட உணவையும் எழுதிவரச் செய்க. எதை மாற்றியபோது எது மாறியது என்பதை அக்கொப்பி காட்டும். கடலில் வாழவேண்டிய உயிர்களை நாமே வீட்டுக்குக் கொணர்ந்தோம். அலையும் நீரோட்டமும் அவற்றுக்குச் செய்துவந்த பணி இனி நம்முடையதே.