கட்டத்திற்கு ஓர் எழுத்து

‘தொப்பூர்’ என்னும் ஊர்ப்பெயருக்குக் குறுக்கெழுத்துப் புதிரில் எத்தனை கட்டங்கள் வேண்டும்? தொ, ப், பூ, ர் என நான்கு என்பர் தமிழறிந்தோர். ஒருங்குறிக் குறியீடுகளை மட்டும் எண்ணும் மென்பொருளோ எட்டு என்னும். துணைக்குறியும் புள்ளியும் அதற்குத் தனித்தனி. ஆர்தர் வின் என்பவர் 1913இல் ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழில் தொடங்கிவைத்த இவ்விளையாட்டு ஆங்கில எழுத்துகளுக்கென அமைந்தது. அதற்கான கருவியை அப்படியே தமிழுக்குப் பயன்படுத்துவது பொருந்தாது.

எண்ணிக்கையைத் திருத்துவது எளிது. சொற்பட்டியலைப் பேணுவதே அரிய பணி. ‘ப்’ நிற்கும் கட்டத்தில் மேலிருந்து கீழாக வரும் சொல் தொடங்கவும் இயலாது, முடியவும் இயலாது. மெய்யெழுத்து மொழிக்கு முதலாகாது; வல்லின மெய் ஈறாகாது. ‘உப்பு’ போல அதனை இடையில் கொண்ட சொல்லே வேண்டும். எனவே, எந்த இடத்தில் எந்த எழுத்து எனத் தேடித் தருவதாகப் பட்டியல் அமைய வேண்டும். வீரமாமுனிவர் 1732இல் தொகுத்த சதுரகராதியின் தொடையகராதி எதுகை நோக்கிச் சொற்களை அடுக்கியது. இரண்டாம் எழுத்தால் சொல் தேடும் வழி அன்றே இருந்தது!

பேரகராதி முழுவதையும் கணினியில் கொட்டினால் வழக்கொழிந்த சொற்களே கட்டங்களை நிரப்பும். எதை நீக்குவது, எதைச் சேர்ப்பது என்பதைத் தொகுப்பவரே முடிவுசெய்தல் வேண்டும். தருமபுரி மாணவர் தொகுக்கும் பட்டியலில் தொப்பூரும் ஒகேனக்கல்லும் இடம்பெறும். பிற ஊரார் தொகுத்தால் அவை விடுபடவும் கூடும்.