எங்க ஒழுகுதுன்னு காட்டுங்க, அப்புறம் காசு வாங்குங்க

புனேக்கு வந்து பொட்டி தட்ட ஆரம்பிச்சு வருஷம் பதினாலு ஆச்சு. நம்ம வண்டிக்கு அதைவிட வயசு ஜாஸ்தி. 2006 மாடல் பெட்ரோல் கார். ஆபீஸ்ல எல்லாரும் "இன்னுமா இதை வச்சிருக்கே?"ன்னு கேக்கறாங்க. ஓடுது, வச்சிருக்கேன் :-)

இந்த ஊர் மெக்கானிக்குகள் கெட்டிக்காரங்க. ஆனா கூலன்ட் குறையுதுன்னு சொன்னா பாதிப் பேர் சொல்ற பதில், "பானி டால் தோ சாப், சலேகா." மீதிப் பேர் ரேடியேட்டரையே மாத்தச் சொல்றாங்க. ரெண்டுமே நாடி பாக்காம குடுக்கற மருந்து. என் கட்சி என்னன்னா, ஒழுகுற இடத்தைக் கண்ணால காட்டுற வரைக்கும் எந்தப் பார்ட்டுக்கும் காசு குடுக்கக் கூடாது.

இதுக்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். ராத்திரி வண்டிக்கு அடியில ஒரு அட்டையை விரிச்சு வைங்க. காலையில பச்சையாவோ சிவப்பாவோ, தொட்டா வழுக்கினா அது கூலன்ட். வெறும் தண்ணி, வாசனை இல்லைன்னா ஏசி தண்ணி, விடுங்க. கறை முன்பக்கம்னா ரேடியேட்டர், ஹோஸ். பெல்ட் இருக்கற பக்கம்னா வாட்டர் பம்ப் மேல சந்தேகம். காருக்குள்ள தரைவிரிப்பு ஈரமாகி, கண்ணாடியில பிசுபிசுன்னு ஆவி படிஞ்சா ஹீட்டர். கீழே ஒரு சொட்டுகூட இல்லாம அளவு மட்டும் குறையுது, புகை வெள்ளையா நிக்காம வருதுன்னா ஹெட் கேஸ்கெட்டைப் பாக்கணும்.

அட்டையில தெரியலைன்னா பிரஷர் டெஸ்ட் கேளுங்க. எஞ்சின் ஆறினப்புறம், ரேடியேட்டர் மூடி இருக்கற இடத்துல ஒரு கைப்பம்ப்பை மாட்டி, மூடியில போட்டிருக்கற அழுத்தம் வரைக்கும் அடிப்பாங்க. முள் இறங்கினா எங்கயோ ஓட்டை. கால் மணி நேர வேலை. அந்த மூடியையும் சோதிக்கச் சொல்லுங்க, அது தளர்ந்தாலும் கூலன்ட் வெளியே போகும். சூடா இருக்கும்போது மட்டும் மூடியில கையை வைக்காதீங்க, கொதிநீர் முகத்துல பீச்சும்.

பெட்ரோல் கதை வேற. கூலன்ட் ஒழுகினா சூட்டு முள்ளைப் பாத்துக்கிட்டே நாலு நாள் யோசிக்கலாம். பெட்ரோல் வாடைக்கு நாலு நிமிஷம்கூடக் கிடையாது. ஓரமா நிறுத்தி, சாவியை அணைச்சு, எல்லாரையும் இறக்கிட்டு, வண்டியைத் தூக்கிட்டுப் போகச் சொல்லணும். இன்ஜெக்‌ஷன் வண்டியில குழாய்க்குள்ள சுமார் 3 பார் அழுத்தம் இருக்கு. மயிரிழை விரிசல் போதும், சூடான எக்ஸாஸ்ட் மேல பீச்சி அடிக்க. பெட்ரோல் உடனே ஆவியாயிடும், அதனால அட்டையில கறையைத் தேடாதீங்க. டேங்க் நிரப்பினதும் மட்டும் வாடைன்னா நிரப்பு குழாய் பக்கம். ஸ்டார்ட் பண்ணினதும் வந்தா ஃபில்டர், ஹோஸ், இன்ஜெக்டர் ஓ-ரிங். மாத்தற ஹோஸ் இன்ஜெக்‌ஷன் அழுத்தத்துக்கானதான்னு கேளுங்க. கார்புரேட்டர் வண்டி ஹோஸைச் சொருகி கிளாம்ப் போட்டு அனுப்பற ஆளும் உண்டு.

இதை இப்போ சொல்லக் காரணம் இருக்கு. 2025ல பெட்ரோல்ல எத்தனால் கலப்பு 20 சதவீதத்துக்கு வந்தாச்சு. அதைத் தாங்கற பாகங்களோட புது வண்டிகள் வர ஆரம்பிச்சதே 2023 ஏப்ரல்லதான். சில பழைய வண்டிகள்ல 20,000 - 30,000 கிலோமீட்டர் ஓடினப்புறம் ரப்பர் பாகங்கள், கேஸ்கெட் மாத்த வேண்டி வரலாம்னு பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்ட்ல சொல்லியிருக்கு. ஆக, நம்மள மாதிரி கிழட்டு வண்டி வச்சிருக்கவங்க ஒழுகற வரைக்கும் காத்திருக்காம பெட்ரோல் ஹோஸ்களை முன்கூட்டியே மாத்தறதுதான் நியாயம். அதுக்கு ஆகற செலவு ஒரு ரேடியேட்டர் விலைகூட வராது.

பழைய வண்டி வச்சிருக்கறது கஞ்சத்தனம்னு நான் நினைக்கலை. ஆனா லீவுக்கு அதுல பொண்டாட்டி புள்ளைங்களை ஏத்திக்கிட்டு பெங்களூர் வழியா ஊருக்குப் போறோம், இல்லையா? அப்போ "சலேகா" போதாது சாமி.